வெள்ளியும் அபயமும்

செல்வத்தைத் தேடலாமா என்ற வினாவுக்கு உலகத்துச் சமயங்கள் பலவும் ஏறக்குறைய ஒரே விடையைத் தந்திருக்கின்றன. அறத்தின் வழி நின்று பொருள் ஈட்டுவதும், ஈட்டிய பொருளைச் சுற்றத்துக்கும் விருந்துக்கும் வறியோர்க்கும் பகுத்து வாழ்வதும் இல்லறத்தானுக்கு உரிய தர்மம் என்பதில் அவற்றுக்குள் பெரிய பேதமில்லை. ஆனால் ஈட்டிய செல்வத்தை ஒரு பயனிலும் செலுத்தாமல், நாளை வரக்கூடிய ஆபத்தை எண்ணி ஓரிடத்தில் அசையாமல் நிறுத்தி வைக்கலாமா என்று கேட்டால், அந்த ஒருமைப்பாடு கலைந்துவிடுகிறது. சிலர் அதை விவேகம் என்கிறார்கள், சிலர் லோபம் என்கிறார்கள், சிலரோ தெய்வத்தினிடத்து நம்பிக்கையின்மை என்றே சொல்லிவிடுகிறார்கள். இந்தப் பழைய விசாரணையை நம் காலத்தில் மீண்டும் எழுப்புவதற்கு, உலக நாடுகளின் நாணயசாலைகள் அச்சிட்டு விற்கும் சுத்த வெள்ளி நாணயங்களைக் காட்டிலும் பொருத்தமான பொருள் வேறொன்று எனக்குத் தோன்றவில்லை; ஏனெனில் அவை கடைத்தெருவில் கைமாறுவதற்காக அல்லாமல், பேழையில் இருப்பதற்காகவே பிறந்த காசுகள்.

அவற்றின் வரலாறு நீண்டதன்று. மெக்ஸிகோ 1982இல் ‘லிபர்த்தாத்’ என்ற நாணயத்தையும், அமெரிக்க ஐக்கிய நாடுகள் 1986இல் வெள்ளிக் கழுகு நாணயத்தையும், கனடா 1988இல் மேப்பிள் இலை பொறித்த நாணயத்தையும், ஆஸ்திரேலியா 1990இல் கூக்கபரா என்னும் பறவையின் உருவம் தாங்கிய நாணயத்தையும், பிரிட்டன் 1997இல் பிரிட்டானியாவையும், ஆஸ்திரியா 2008இல் வியன்னா நகரத்துப் பில்ஹார்மோனிக் இசைக்குழுவின் பெயரால் அமைந்த நாணயத்தையும் வெளியிட்டன. ஒரு டிராய் அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 31.1 கிராம் வெள்ளி என்பது இவற்றுக்குப் பொதுவான அளவு. ஆயினும் இந்த ஒரே எடையின் மேல் அமெரிக்கா 1 டாலர் என்றும், கனடா தன் நாட்டுக் கணக்கில் 5 டாலர் என்றும், பிரிட்டன் 2 பவுன் என்றும், ஆஸ்திரியா ஒன்றரை யூரோ என்றும் பொறித்திருக்கின்றன. மெக்ஸிகோவோ தொகை எதையும் பொறிக்காமல், எடையையும் தரத்தையும் மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டது. பொறித்த தொகைகளுள் எதுவும் இன்று அந்த வெள்ளியின் சந்தை விலைக்கு அருகிலும் வருவதில்லை.

ஆகவே ஒரே வட்டமான உலோகத் துண்டுக்கு மூன்று மதிப்புகள் உண்டாகின்றன. அரசு முகத்திலே எழுதிய மதிப்பு ஒன்று. தராசு சொல்லும் உலோக மதிப்பு ஒன்று. அந்த ஆண்டில் அந்த அச்சில் எத்தனை நாணயங்கள் அடிக்கப்பட்டன, மேற்பரப்பில் கீறல் உண்டா இல்லையா என்றெல்லாம் ஆராய்ந்து, சேகரிப்போர் உலகம் தன் விருப்பத்தால் ஏற்றிவைக்கும் மதிப்பு மற்றொன்று. மதிப்பு என்பது பொருளிலே சுபாவமாக உள்ளதா, அதிகாரத்தின் ஆணையால் வருவதா, காண்பவன் மனத்திலே பிறப்பதா என்று தத்துவ ஞானிகள் எழுப்பிய வினாவின் மூன்று பட்சங்களும் ஒரு காசுக்குள் அடங்கிவிட்டன என்று சொன்னால் மிகையாகாது. அந்த வினாவுக்கு விடை காணாமல், சேர்த்து வைத்தல் தகுமா தகாதா என்ற வினாவுக்கு விடை சொல்வது இயலாது. சேர்த்து வைப்பவன் உண்மையில் எதைச் சேர்த்து வைக்கிறான் என்று முதலில் அறிய வேண்டுமல்லவா?

சமய வரலாற்றில் இந்த வினா மிகக் கூர்மையாக எழுந்த இடம் எருசலேம் தேவாலயம். யூத ஆடவர் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் அரை ஷெக்கல் வெள்ளியை ஆலயத்துக்குச் செலுத்த வேண்டும் என்பது நியமம். அதைத் தீரு நகரத்துக் காசாகவே செலுத்த வேண்டும் என்பது நடைமுறை. அந்தக் காசின் ஒரு முகத்திலோ தீரு நகரத்தாரின் தெய்வமான மெல்கார்த்தின் தலை. மறு முகத்திலோ கழுகு. உருவ வழிபாட்டைத் தம் மார்க்கத்தின் முதற்பெரும் குற்றமாகக் கருதிய ஒரு சமுதாயம், அந்நிய தெய்வத்தின் பிரதிமை பொறித்த காசைத் தன் பரிசுத்த ஸ்தலத்தின் காணிக்கைக்கு உரிய காசாக ஏற்றுக்கொண்டதற்குக் காரணம், அதில் வெள்ளி நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் கலப்பின்றி இருந்ததுதான். பிரதிமையைக் காணாது உலோகத்தை மட்டும் கண்ட பார்வை அது. பல நாட்டு யாத்திரிகரும் கொண்டுவந்த காசுகளை இந்தத் தீருக் காசாக மாற்றிக் கொடுக்கவே ஆலயத்தின் வெளிமுற்றத்தில் காசுக்காரர்கள் மேசை போட்டு அமர்ந்திருந்தார்கள் என்பதும், அந்த மேசைகளை ஏசுநாதர் கவிழ்த்தார் என்பதும் கிறிஸ்தவ வேதம் அறிந்தோர் யாவரும் அறிந்தவை.

அதே ஏசுநாதரிடம் சிலர் வந்து, ரோமச் சக்கரவர்த்திக்கு வரி கொடுப்பது தகுமா என்று சூழ்ச்சியாக வினவியபோது, அவர் ஒரு தெனாரியஸ் காசைக் கொண்டுவரச் சொல்லி, அதிலுள்ள உருவம் யாருடையது என்று கேட்டார். சக்கரவர்த்தியின் உருவம் தாங்கியது அவனுக்கே போகட்டும், தேவனுக்கு உரியது தேவனுக்குப் போகட்டும் என்ற கருத்துப்பட விடையிறுத்தார். ஆலயம் காணாது விட்ட பிரதிமையை அவர் கண்டார். வெள்ளியை அவர் எடை போடவே இல்லை. அந்தக் காசு திபேரியஸ் மன்னனுடையது என்பது அறிஞர் பலரின் கருத்து. அதே திபேரியஸின் தெனாரியஸ்கள் நம் கொங்கு நாட்டுப் புதையல்களில் மிகுதியாகக் கிடைத்திருக்கின்றன என்பதை இங்கே நினைவு கூர்தல் பொருந்தும். மிளகும் நீலக்கல்லும் துகிலும் வாங்க வந்த யவனர் கொடுத்த அக்காசுகளைத் தமிழ் வணிகர் ஏற்றது ரோமாபுரியின் ஆணைக்குக் கட்டுப்பட்டன்று. தமிழகத்தில் ரோம மன்னனின் ஆணை செல்லாது. அவர்கள் ஏற்றது வெள்ளியை. அந்த வெள்ளி இன்ன தரமுடையது என்பதற்குச் சாட்சியாக மட்டுமே அம்மன்னனின் முகம் அவர்களுக்குப் பயன்பட்டது.

முகம் சாட்சியாகவும் உலோகம் சத்தியமாகவும் சேர்ந்து நின்ற காசுகளுள், நான் அறிந்தவரை, மரியா தெரேசா தாலருக்கு நிகரானது மற்றொன்றில்லை. ஆஸ்திரிய மகாராணி மரியா தெரேசா 1780ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் காலமானார். அவர் காலமான பிறகும், அந்த ஆண்டையே தாங்கி, அதே உருவத்தோடு, வியன்னாவிலும் பின்னர் ரோம், லண்டன், பாரிஸ், பிரஸ்ஸல்ஸ் நகரங்களிலும், 1940-41இல் நம் பம்பாய் நாணயசாலையிலும்கூட அந்தக் காசு அச்சிடப்பட்டது. வியன்னாவில் இன்றும் அச்சிடப்படுகிறது. கையில் எடுத்துப் பார்த்தால், ஒரு முகத்தில் கணவனை இழந்த கைம்பெண்ணுக்குரிய முக்காடு தரித்த, சற்றுப் பருத்த அரசியின் வலப்புறத் தோற்றமும், அவர் தோளில் முத்துக்கள் சூழ்ந்த அணியும் தெரியும். மறு முகத்தில் இருதலைக் கழுகு சிறகு விரித்திருக்கும். விளிம்பைச் சுற்றி, நீதியும் கருணையும் என்று பொருள்படும் லத்தீன் சொற்கள் புடைத்து நிற்கும். எடை 28 கிராமுக்குச் சிறிது மேல். அதில் ஆயிரத்துக்கு 833 பங்கு வெள்ளி.

அரபு நாடுகளிலும் எத்தியோப்பியாவிலும் மக்கள் இந்தக் காசை வாங்கும்போது அணியிலுள்ள முத்துக்களை விரலால் தடவி எண்ணிப் பார்ப்பார்களாம். முத்துத் தேய்ந்திருந்தால் வாங்கமாட்டார்களாம். மெனலிக் மன்னர் தம் உருவம் பொறித்த வெள்ளிக் காசுகளைப் பாரிஸில் அச்சிடுவித்து வெளியிட்ட பின்பும், எத்தியோப்பிய மக்கள் தம் மன்னரின் காசைவிட, தங்களை ஒருநாளும் ஆளாத, தங்கள் நாட்டை ஒருகாலும் கண்டிராத, இறந்துபோன ஓர் அந்நிய அரசியின் காசையே விரும்பினார்கள். அதிகாரத்தால் மதிப்பு வருகிறது என்ற பட்சம் இங்கே முறிந்துவிடுகிறது. உலோகம் மட்டுமே மதிப்பு என்ற பட்சமும் நிற்கவில்லை. அதே எடை வெள்ளியைக் கட்டியாகக் கொடுத்தால் அவர்கள் அவ்வளவு எளிதில் ஏற்றிருக்கமாட்டார்கள். தலைமுறை தலைமுறையாக ஏமாற்றாத ஒரு பொருளின் மேல் மனிதர்கள் ஒருவரையொருவர் பார்த்து வளர்த்துக்கொண்ட விஸ்வாசமே அந்தக் காசின் உயிர். நான் வாங்கினால் நாளை என் அயலானும் இதை வாங்குவான் என்ற பரஸ்பர நம்பிக்கை இல்லாதவிடத்தில், வெள்ளி வெறும் வெண்ணிற உலோகமாகவே இருந்துவிடும்.

மதிப்பு என்பது சமுதாயத்தின் விஸ்வாசத்தில் உள்ளது என்றால், அந்த விஸ்வாசத்துக்கு உடையவர் யார்? பதினான்காம் நூற்றாண்டில் பிரான்ஸ் நாட்டில் வாழ்ந்த நிக்கோல் ஓரெம் என்ற சமய அறிஞர் இதற்கு ஒரு துணிவான விடை சொன்னார். நாணயத்தின் மேல் அரசனின் உருவம் இருந்தாலும், நாணயம் அரசனுடைய சொத்து அன்று. அது அதைப் பயன்படுத்தும் சமுதாயத்தின் சொத்து. ஆகவே அரசன் அதன் எடையையோ தரத்தையோ ரகசியமாகக் குறைப்பது வட்டி வாங்குவதைவிடக் கொடிய பாவம் என்பது அவருடைய சித்தாந்தம். இதை ஒப்புக்கொண்டால், வெள்ளி வாங்கி வைப்பவன் மேல் எடுத்த எடுப்பில் லோபி என்று பழி சுமத்துவது நியாயமாகாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அரசுகள் அந்த விஸ்வாசத்தைப் பலமுறை முறித்திருக்கின்றன. 1923ஆம் ஆண்டின் இறுதியில் ஜெர்மனியில் ஓர் அமெரிக்க டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க் கொடுக்க வேண்டியதாயிற்று. வாழ்நாள் முழுவதும் சிக்கனமாக இருந்து சேர்த்த முதியோரின் சேமிப்பு ஒரு ரொட்டிக்கும் காணாமல் போயிற்று. நம் நாட்டிலும் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளியாக இருந்த ரூபாய் 1940இல் பாதி வெள்ளியாகி, 1947இல் வெறும் நிக்கலாகிவிட்டது.

முதல் உலகப் போரின்போது இந்திய மக்கள் காகித நோட்டுகளைக் கொண்டுவந்து வெள்ளி ரூபாய் கேட்க, கொடுக்கப் போதிய வெள்ளியின்றி ஆங்கில அரசாங்கம் திகைத்ததும், 1918இல் அமெரிக்கா பிட்மன் சட்டம் என்ற ஒரு சட்டம் இயற்றி, தன் கருவூலத்தில் இருந்த சுமார் 27 கோடி வெள்ளி டாலர்களை உருக்கி, அதில் பெரும்பகுதியை இந்தியாவின் தேவைக்காக விற்றதும் சரித்திரம். கடல் கடந்து வந்த அந்த வெள்ளி நம் முன்னோர் கையில் ரூபாயாகி, பல வீடுகளில் பானைக்குள்ளும் சுவருக்குள்ளும் புகுந்தது. அவர்கள் பேராசைக்காரர்கள் அல்லர். பஞ்சத்தையும் கொள்ளை நோயையும் கண்டவர்கள். அந்நிய அரசின் காகிதத்தை நம்பாதவர்கள். இன்று வெள்ளிக் கழுகையோ மேப்பிள் இலையையோ வாங்கி வைக்கும் அயல்நாட்டு நடுத்தரக் குடும்பத்தானும் பெரும்பாலும் அதே மனநிலையில் உள்ளவனே. ஆகவே வெள்ளியைச் சேர்ப்பதற்கு முதற்காரணம் அச்சம் என்பது தெளிவாகிறது. வினா இப்போது வேறு வடிவம் கொள்கிறது: அச்சத்தால் சேர்த்த வெள்ளி அந்த அச்சத்தைத் தீர்க்குமா?

தீர்க்காது என்பதற்கு அண்மைக் காலத்துச் சான்று ஒன்று போதும். அமெரிக்காவில் ஹண்ட் என்ற பெயருடைய சகோதரர்கள், காகிதப் பணம் அழிந்துவிடும் என்ற உறுதியான எண்ணத்தால், உலகத்து வெள்ளியில் பெரும்பங்கை வாங்கிக் குவித்தார்கள். 1980 ஜனவரியில் ஓர் அவுன்ஸ் வெள்ளி ஏறத்தாழ 50 டாலர் வரை உயர்ந்தது. அதே ஆண்டு மார்ச் 27ஆம் நாளுக்குள் 11 டாலருக்கும் கீழே விழுந்துவிட்டது. பெருஞ்செல்வராய் இருந்தவர்கள் பின்னாளில் திவாலாயினர். அபாயத்துக்கு மருந்தாக வாங்கிய பொருளே அபாயமாக மாறியது. சிறிய அளவில் வாங்குவோர் நிலையும் தத்துவ நோக்கில் இதனின் வேறன்று. பத்து அவுன்ஸ் உள்ளவன் விலை இறங்குமோ என்று அஞ்சுகிறான். நூறு அவுன்ஸ் உள்ளவன் அதோடு கள்வனுக்கும் அஞ்சுகிறான். ஆயிரம் உள்ளவன் அதை வைத்துக் காக்கும் பெட்டகக்காரனையும் சந்தேகிக்கிறான். ‘கடவுளை நம்புகிறோம்’ என்ற வாசகம் அமெரிக்கக் காசின் மேல் பொறிக்கப்பட்டிருக்கிறது. அந்த வாசகத்தை உள்ளபடியே ஏற்றவனுக்கு அந்த உலோகம் ஒரு வசதி; ஏற்காதவனுக்கு எத்தனை அவுன்ஸும் போதாது.

இஸ்லாமிய ஞானிகளுள் பெரியவரான இமாம் கஸ்ஸாலி, தம் ‘இஹ்யா உலூமித்தீன்’ என்ற பெருநூலில் பொன் வெள்ளி நாணயங்களின் இயல்பை ஆராய்கிறார். தனக்கென ஒரு நிறமில்லாமல் எல்லா நிறங்களையும் காட்டும் கண்ணாடியைப் போல, தமக்கென ஒரு பயனில்லாமல் எல்லாப் பயன்களுக்கும் இடைநின்று அளவு சொல்லவே இறைவன் அவற்றைப் படைத்தான் என்பதும், அவற்றைப் பதுக்கி வைப்பவன் மக்களிடையே தீர்ப்புக் கூற வேண்டிய அதிபதியைச் சிறையிலிட்டவனை ஒப்பான் என்பதும் அவர் கருத்து. இதைவிட ஆழ்ந்த ஒரு பொருளாதாரச் சிந்தனையைச் சமய நூல்களில் காண்பது அரிது. பதுக்குதல் என்ற செயலின் தீமை அதைச் செய்தவனோடு நின்றுவிடாமல், யாருக்கிடையே அந்தக் காசு நடந்திருக்க வேண்டுமோ அவர்கள் அனைவரையும் தாக்குகிறது என்பதை அது காட்டிவிடுகிறது. திருவள்ளுவரும் பயன்படாத செல்வத்தின் இழிவைச் சொல்லவே ‘நன்றியில் செல்வம்’ என்று தனியே ஓர் அதிகாரம் வகுத்தார்.

ஆயினும் இஸ்லாம் சேமிப்பை முற்றிலும் விலக்கவில்லை. இருநூறு திர்ஹம் எடை வெள்ளி ஒரு சந்திர ஆண்டு முழுவதும் ஒருவனிடத்தில் தங்கியிருந்தால், அதில் நாற்பதில் ஒரு பங்கு ஏழைகளுக்கு உரியது என்பது ஜகாத்தின் விதி. அந்த இருநூறு திர்ஹம் நம் கணக்கில் 595 கிராம் என்பர் சிலர். 612 கிராம் என்பர் சிலர். எப்படிக் கொண்டாலும், ஓர் அவுன்ஸ் நாணயங்கள் இருபது சேர்ந்தால் அந்த வரம்பு கடந்துவிடுகிறது. அந்த இருபதில் அரை நாணயத்தின் மதிப்பு ஆண்டுதோறும் வறியவனைச் சேர வேண்டும். இது தானம் அன்று, அவனுடைய உரிமை. அசையாமல் கிடக்கும் வெள்ளி ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வரும்படி செய்து, தொழிலில் இறங்கி ஊருக்குப் பயன்பட்டால்தான் அது நிலைக்கும் என்ற நிர்ப்பந்தத்தை உண்டாக்கிய இந்த விதியின் நுட்பம் போற்றத்தக்கது.

பௌத்தம் துறவியின் நிலையில் நின்று இன்னும் கடுமையாகப் பேசுகிறது. பிக்கு ஒருவன் பொன்னையோ வெள்ளியையோ ஏற்றால், அதைச் சங்கத்தின் நடுவில் ஒப்படைத்துத் தன் குற்றத்தை அறிவிக்க வேண்டும் என்பது வினயபிடகத்தின் விதி. இல்லறத்தான் ஒருவன் அங்கே வந்தால் அதை அவனிடம் சொல்லலாம். அவன் அதற்கு நெய்யோ எண்ணெயோ தேனோ வாங்கி வந்தால், குற்றம் செய்தவன் ஒருவன் நீங்க மற்ற பிக்குகள் பயன்படுத்தலாம். அவனும் மறுத்தால், வெள்ளியை எறிவதற்கென்றே சங்கம் ஒரு பிக்குவை நியமிக்க வேண்டும். அவன் ஆசையாலும் வெறுப்பாலும் மயக்கத்தாலும் அச்சத்தாலும் வழி தவறாதவனாகவும், எது எறியப்பட்டது எது எறியப்படவில்லை என்று அறிபவனாகவும் இருக்க வேண்டும். அவன் அந்த வெள்ளியை எங்கே விழுந்தது என்று குறித்துக்கொள்ளாமல் எறிய வேண்டும். இடத்தைக் குறித்துக்கொண்டு எறிந்தால் அதுவும் ஒரு குற்றமே. விதி வகுத்தவர்கள் மனித மனத்தை எவ்வளவு நெருங்கிக் கண்டிருக்கிறார்கள் என்று வியப்புண்டாகிறது; கை விட்ட பொருளைக் கண் விடாது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

அத்தகைய விதி இருந்தும், புத்தர் பரிநிர்வாணம் எய்தி ஏறக்குறைய நூறாண்டு கழிந்தபோது, வைசாலி நகரத்துப் பிக்குகள் உபோசத நாளில் ஒரு வெண்கலப் பாத்திரத்தில் நீர் நிரப்பி நடுவில் வைத்து, சங்கத்துக்காகக் காசு போடும்படி இல்லறத்தாரைக் கேட்கலானார்கள். யசர் என்ற தேரர் அதை எதிர்த்தார். அவரை அவர்கள் விலக்கி வைத்தார்கள். முடிவில் பல நாட்டு மூத்த பிக்குகள் கூடி, பொன் வெள்ளி ஏற்றல் உட்பட அவர்களுடைய பத்துப் பழக்கங்கள் தர்மத்துக்கு விரோதம் என்று தீர்ப்புக் கூறினார்கள். வெள்ளி என்ற பொருள் ஒரு மகா சங்கத்தையே கூட்டுவித்தது.

துறவின் உச்சியில் நின்றவரும் இந்த அச்சத்தை அறியாதவர் அல்லர் என்பதற்கு ஸ்ரீ ராமகிருஷ்ணரின் வாழ்க்கையில் ஒரு நிகழ்ச்சி உண்டு. அவர் கங்கைக் கரையில் அமர்ந்து, ஒரு கையில் ரூபாயையும் ஒரு கையில் மண்ணையும் வைத்துக்கொண்டு, இரண்டும் ஒன்றே என்று விசாரம் செய்து, இரண்டையும் ஆற்றில் எறிந்தார். எறிந்த பின், லக்ஷ்மி தேவி கோபித்து உணவுக்கு வழி அடைத்துவிட்டால் என்ன செய்வது என்று சிறிது அஞ்சியதாக அவரே பின்னாளில் சீடர்களிடம் கூறினார். அஞ்சியவர் ரூபாயைத் தேடி நீரில் இறங்கவில்லை. தாயே, நீயே என் இதயத்தில் வசிக்க வேண்டும் என்று தேவியிடம் பிரார்த்தித்தார். அச்சம் எழுவது மனித சுபாவம். அது எழுந்தபோது எதனிடம் ஓடுகிறோம் என்பதிலேதான் ஞானிக்கும் நமக்கும் உள்ள தூரம் தெரிகிறது.

இன்னொரு விசாரணையும் எஞ்சியிருக்கிறது. உலோகத்துக்கு நினைவு உண்டா? யூதாஸ் திருப்பிக் கொடுத்த முப்பது வெள்ளிக் காசுகளை, அவை இரத்தத்தின் விலை என்பதால், ஆலயத்தின் காணிக்கைப் பெட்டியில் சேர்க்கத் தகாது என்று ஆசாரியர்கள் விலக்கி, அந்நியரைப் புதைக்க ஒரு குயவனின் நிலத்தை வாங்கினார்கள் என்று வேதம் கூறுகிறது. எடையில் குறையில்லாத காசு, அடைந்த வழியால் அசுத்தமாயிற்று. தென் அமெரிக்காவில் பொட்டோசி மலையில் 1545இல் வெள்ளி கண்டெடுக்கப்பட்டதும், 1573 முதல் பூர்வகுடி மக்களைக் கட்டாயத்தின் பேரில் ஊர் ஊராகக் கொண்டுவந்து சுரங்கத்தில் இறக்கியதும், பாதரசத்தின் நஞ்சாலும் தூசியாலும் அவர்கள் மாண்டதும் உலகம் அறிந்த கொடுமைகள். அங்கிருந்து புறப்பட்ட வெள்ளி மணிலா வழியாகச் சீனம் வரை சென்றது. வெள்ளி உருகும், உருவம் மாறும், அழியாது. இன்று பளபளக்கும் ஓர் அவுன்ஸில் பொட்டோசியின் அணு ஒன்று இல்லையென்று யாரும் உறுதி கூற இயலாது. நீதியும் கருணையும் என்று விளிம்பில் எழுதிய தாலரையே 1935இல் இத்தாலி தன் நாணயசாலையில் அச்சிட்டு, எத்தியோப்பியாவின் மேல் படையெடுத்தபோது பயன்படுத்திக்கொண்டது. உலோகம் மறந்துவிடும், நினைவு வைத்திருக்கும் கடமை அதைக் கையில் வைத்திருப்பவனுக்கு உரியது.

சேகரிப்பவனின் பணிக்கு இங்கேதான் ஒரு மேன்மை உண்டாகிறது. முதலீட்டாளன் நாணயத்தை எண்ணுகிறான். சேகரிப்பவன் அதைப் படிக்கிறான். வீட்டு வெள்ளிப் பாத்திரத்தைத் திருநீறு கொண்டு துலக்குவது போல அவன் பழைய நாணயத்தைத் துலக்குவதில்லை. காற்றிலுள்ள கந்தகத்தோடு கூடி மெல்லக் கறுத்த அந்த மேற்பரப்பே அதன் ஆயுளுக்குச் சாட்சி என்பதும், தேய்த்தால் சாட்சியம் போய்விடும் என்பதும் அவனுக்குத் தெரியும். மிகச் சுத்தமான கனடா நாட்டுக் காசிலும் சில ஆண்டுகளில் வெண்புள்ளிகள் தோன்றுவதுண்டு. மாசற்ற நிலை உலோகத்துக்கும் நிரந்தரமன்று என்று அவன் கற்றுக்கொள்கிறான். ஆனால் அவனுக்கும் ஓர் ஆபத்து உண்டு. ஒரு நாணயத்தைப் பிளாஸ்டிக் உறையில் நிரந்தரமாக அடைத்து, எழுபதுக்கு எழுபது என்று மதிப்பெண் இட்டு, அந்த எண்ணுக்காகவே பல மடங்கு விலை கொடுக்கும் பழக்கம் வந்துவிட்ட பிறகு, சேகரிப்பவனும் எண்ணத் தொடங்கிவிடுகிறான். படிப்பதை நிறுத்தி எண்ணத் தொடங்கிய நாளில் அவன் கையில் இருப்பது சரித்திரம் என்ற நிலை போய், வெறும் பரிக்கிரகம் ஆகிவிடுகிறது.

இவற்றையெல்லாம் சீர்தூக்கி நான் கொள்ளும் முடிவு இது. இல்லறத்தான் தன் குடும்பத்தின் ஆபத்துக் காலத்தை எண்ணி அளவோடு வெள்ளி வைத்திருப்பது குற்றமன்று. அரசுகள் தவறுகின்ற உலகில் அது விவேகத்தின் பாற்பட்டதே. ஆனால் வெள்ளியின் மதிப்பு மனிதர்கள் ஒருவர்மேல் ஒருவர் வைத்த விஸ்வாசத்தில் இருப்பதால், அயலானை நம்பாமல் அவனிடமிருந்து ஒளித்து வைக்கும் வெள்ளி, தன் மதிப்புக்கு ஆதாரமானதையே அழிக்கிறது. ஊர் முழுவதும் பசித்திருக்கும் நாளில், ஒருவன் பெட்டியில் உள்ள நூறு அவுன்ஸ் அவனைக் காக்காது. அந்த ஊர் அதற்கு முன்பே அவனுக்குக் கடன்பட்டிருந்தால் ஊர் அவனைக் காக்கும். அபயம் என்பது உலோகத்திடம் பெறத்தக்க வரமன்று. தெய்வ நம்பிக்கை உடையவன் அதைத் தெய்வத்திடமும், இல்லாதவன் தன்னைச் சூழ்ந்த நல்லோரிடமும் பெற வேண்டும்.

ஆதலால் வெள்ளி நாணயம் வாங்கும் அன்பர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எவ்வளவு போதும் என்பதை வாங்கத் தொடங்கும் முன்பே வரையறுத்துக்கொள்ளுங்கள்; வாங்கும் ஒவ்வொரு காசும் எந்த நாட்டது, எந்த மண்ணிலிருந்து யார் உழைப்பால் வந்தது என்று அறிந்து வாங்குங்கள்; உங்கள் மார்க்கம் எதுவாயினும், இருபது நாணயம் சேர்ந்த ஆண்டில் அரை நாணயத்தின் விலையை உங்கள் தெருவிலேயே உள்ள ஓர் ஏழைக் குழந்தையின் படிப்புக்குக் கொடுத்துவிடுங்கள்.